பெல்காம் ரேஸ் நின்றுபோன கதை

செம்பூரில் புறப்பட்டு, பெல்காமுக்குப் போய், அங்கே அட்டையில் ஒரு முத்திரை வாங்கிக்கொண்டு, மறுபடி செம்பூருக்கே வந்து சேர வேண்டும். போக முந்நூற்றுச் சொச்சம் மைல், வர அதே மைல். மோட்டார் சைக்கிளில், ஒற்றை ஆளாய், இருபத்துநாலு மணி நேரத்துக்குள். இதெல்லாம் எதற்காக என்று கேட்டால் ஓட்டுகிறவனுக்கும் பதில் தெரியாது, ஓட்டச் சொல்கிறவனுக்கும் தெரியாது. ஜெயித்தவனுக்கு ஒரு வெள்ளிக் கோப்பை கொடுப்பார்கள். அதில் காப்பி குடிக்கக்கூட முடியாது.

ஆரம்பித்தது அறுபத்தொன்றில். நடத்தியது மேற்குக்கரை மோட்டார் சைக்கிள் கிளப். கோட்டைப் பக்கம் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அதற்கு ஓர் அறை உண்டு. பணக்கார வீட்டுப் பிள்ளைகளும், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களும் அங்கே உட்கார்ந்து வரைபடத்தில் கோடு போட்டார்கள். முதல் வருடம் பதினோரு வண்டி போய் நாலு வண்டி திரும்பியது. ஒருவன் கராட் பக்கத்தில் ஓட்டிக்கொண்டே தூங்கிக் கரும்புக் கொல்லைக்குள் புகுந்துவிட்டான். தோள்பட்டை எலும்பு முறிந்த அவனைக் கரும்பு வெட்ட வந்தவர்கள்தான் காலையில் எழுப்பினார்கள். இதை எல்லோரும் வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்தார்கள்.

அறுபத்திரண்டில் சீனச் சண்டை வந்ததால் ரேஸ் இல்லை. அறுபத்துமூன்றில் கோலாப்பூருக்கு இந்தப் பக்கம் கோவாக்காரன் ஒருவன் மாட்டு வண்டியில் மோதிச் செத்தான். அதன் பிறகு யாரும் வேடிக்கையாகப் பேசவில்லை, ஆனால் ரேஸும் நிற்கவில்லை. அறுபத்துநாலில் ஒருவனுக்குக் கால் போயிற்று. அறுபத்தைந்தில் பாகிஸ்தான் சண்டை. நாட்டில் சண்டை நடந்த வருடங்களில்தான் அந்த ரேஸில் எவனுக்கும் அடிபடவில்லை என்று மாட்டுங்கா மெக்கானிக்குகள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள்.

அறுபத்தாறு அக்டோபரில் கடைசியாக நடந்தது. ஏன் அதோடு நின்றது என்பதற்குக் கிளப்காரர்கள் ஒரு காரணத்தை டைப் அடித்து, கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார்கள். அந்தக் காரணம் பொய் என்று தாராவியில் ஒருவருக்குத் தெரியும்.

அவர் பெயர் வானமாமலை. நாங்குநேரிப் பக்கத்துக்காரர். பத்தொன்பது வயதில் தாராவிக்குத் தோல் பதனிடும் வேலைக்கு வந்து, நாற்றம் தாங்காமல் மூன்றே மாதத்தில் ஓடிப்போய், மாட்டுங்காவில் சுயம்பு அண்ணாச்சியின் காரேஜில் ஒட்டிக்கொண்டவர். ஒட்டிக்கொண்டது ஒட்டிக்கொண்டதுதான். இருபத்துமூன்று வருடமாய் அதே காரேஜ், அதே மூலை. குடியிருப்பு தாராவியில் ஒரு சாலில், வரிசையாக ஒற்றை அறைகள் கொண்ட கட்டடத்தில், பத்துக்குப் பத்து அறை. மனைவி சண்முகவடிவு, இரண்டு பெண் பிள்ளைகள், மனைவியின் தம்பி பூதத்தான்.

வானமாமலையின் வேலைக்கு ஒரு தனி முறை உண்டு. வண்டியைப் பிரிக்கும்போது பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணியை விரிப்பார். கழற்றும் ஒவ்வொன்றையும், நட்டானாலும் வாஷரானாலும், கழற்றிய வரிசையில் துணியில் வைப்பார். பூட்டும்போது கடைசியில் வைத்ததை முதலில் எடுப்பார். துணி காலியாக வேண்டும். காலியானதும் எழுந்து நின்று துணியை நாலு பேர் பார்க்க உதறுவார். அந்த உதறலுக்குப் பிறகு அந்த வண்டியைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை. பம்பாயில் மெக்கானிக்குக்குப் பஞ்சமா? இருந்தும் ரேஸ் ஓட்டுகிற துரைமார்கள்கூட அண்ணாச்சியின் காரேஜைத் தேடி வந்தது அந்தத் துணிக்காகத்தான். மனிதருக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. வேறு எதில்தான் அவருக்குக் கர்வப்பட இருந்தது?

பூதத்தான் அந்தக் காரேஜிலேயே வண்டிகளை ஓட்டிப் பார்த்துக் குறை சொல்கிற வேலை செய்தான். வயது இருபத்தாறு. வாய் கொஞ்சம் நீளம், ஆனால் வண்டியில் கை சுத்தம். அறுபத்துநாலில் அண்ணாச்சியின் கையில் காலில் விழுந்து ஒரு பழைய வண்டியில் ரேஸுக்குப் போனவன், ஐந்தாவதாக வந்து சேர்ந்தான். தாராவியிலிருந்து போன முதல் ஆள். அன்றைக்குச் சாலில் இருந்த அத்தனை பேரும் அவன் வண்டியைத் தொட்டுப் பார்த்தார்கள். அடுத்த ரேஸில் முதல் இடம் தனக்குத்தான் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

சண்முகவடிவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. தாய் தகப்பன் இல்லாத தம்பி. எட்டு வயதில் அவனைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அவள் கல்யாணமாகிப் பம்பாய்க்கு ரயில் ஏறினாள்.

"வேண்டாம்னு சொன்னா கேக்கவா போறான்? போகட்டும்," என்று புருஷனிடம் சொன்னாள். "வண்டிய நீங்க பாத்துக் குடுங்க. நீங்க பாத்தா எனக்குப் பயம் இல்ல."

அந்தச் சொல்லை வானமாமலை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு மாதம் மற்ற வேலை முடிந்த பிறகு அந்த ஒரு வண்டியோடுதான் கிடந்தார்.

அந்த வருடம் ரேஸ் ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை ஆயுத பூஜை. ஒன்றை ஒன்று இடிக்கும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. பூஜையில் வைத்த சாமானை அன்று பூராவும் எடுக்கக் கூடாது, மறுநாள் விடிந்து சூடம் காட்டிய பிறகுதான் கை வைக்க வேண்டும் என்பது காரேஜில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஆகவே சனிக்கிழமை மதியத்துக்குள் வண்டி தயாராக வேண்டும். வானமாமலை விடியற்காலையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பன்னிரண்டே முக்காலுக்கு வெள்ளைத் துணியில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு காட்டர் பின். கம்பியை மடக்கிச் செய்தது, பிள்ளைகளின் கொண்டை ஊசி அளவுதான் இருக்கும். முன் சக்கரத்துப் பிரேக்கை ஃபோர்க்கோடு பிடித்து நிறுத்தும் ஒரு போல்ட் உண்டு. அதன் நட்டு கழன்றுவிடாமல், நட்டின் காடி வழியே போல்ட்டின் துளைக்குள் இந்தப் பின்னைச் செருகி இரண்டு முனையையும் மடக்கிவிட வேண்டும். அது இல்லாமலும் வண்டி ஓடும். ஆனால் அதிர்ந்து அதிர்ந்து நட்டு கழன்று விழுந்தால், அடுத்த தடவை பிரேக் பிடிக்கும்போது முன் சக்கரம் பூட்டிக்கொண்டு ஆளைத் தூக்கி எறிந்துவிடும்.

துளையும் காடியும் நேராக இல்லை. நட்டை இன்னும் கால் சுற்றுத் திருப்ப வேண்டும். வானமாமலை ஸ்பானருக்குக் கையை நீட்டியபோது அது அங்கே இல்லை. சாமான்களை எல்லாம் எடுத்துக் கழுவிச் சந்தனம் வைத்தாகிவிட்டது.

"ஏ வானமாமல, என்னவே இன்னும்?" என்றார் சுயம்பு அண்ணாச்சி. குளித்துப் பட்டை போட்டு, புது வேட்டியில் நின்றார். "ஒண்ணரைக்கு எமகண்டம். அந்தத் துணியத் தாரும். வாங்குன துணி பத்தல, சாமான் பாதி தரையில கெடக்கு."

"ஒரு நிமிசம் அண்ணாச்சி. ஒரு பின்னு மட்டும்..."

"பூசை முடிச்சுப் பாரும். துணியத் தாரும்வே."

யாரோ துணியை இழுத்தார்கள். வானமாமலை பின்னை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். அந்தத் துணி அன்றைக்குக் காலியாகாமலே போயிற்று. அதன் மேல் ஸ்பானர்களும் குறடுகளும் சுத்தியல்களும் குங்குமத்தோடு வரிசையாகப் படுத்தன. பூதத்தானின் வண்டிக்கு மாலை போட்டு, பெட்ரோல் தொட்டியில் அவன் நம்பர் பதினேழு என்று எழுதியிருந்த இடத்தில் சந்தனம் வைத்தார்கள். பூசணிக்காய் உடைந்தது. பொரியும் கடலையும் கை மாறின. வந்தவர் போனவரோடு பேசிச் சிரித்ததில் வானமாமலைக்கு அந்தப் பின் மறந்தே போனது.

மூன்று மணிக்குப் பீடி எடுக்கப் பைக்குள் விட்ட விரலில் அது குத்தியது.

வண்டி எதிரேதான் நின்றது. ஸ்பானரும் குறடும் மூன்று எட்டுத் தூரத்தில் சாமி படத்துக்கு முன்னால் கிடந்தன. ஆக வேண்டிய வேலை ஒரு நிமிஷம்கூட இல்லை. வானமாமலை எழுந்து போய்க் குனிந்தார். குறட்டின் கைப்பிடியில் ஈரச் சந்தனம் இன்னும் காயவில்லை. நீட்டிய கை அப்படியே நின்றது.

முந்தின வருடம் மாட்டுங்கா லேபர் கேம்ப் பகுதியில் ஒரு கடைசல் பட்டறைக்காரன், அவசரம் என்று ஒருவன் கெஞ்சியதற்காகப் பூஜையிலிருந்து உளியை எடுத்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. எட்டாம் நாள் ஊரில் அவன் அண்ணன் கிணற்றில் விழுந்து செத்ததாகத் தந்தி வந்தது. கேடு எடுத்தவனுக்கு வராது, அவனுக்கு வேண்டியவனுக்குத்தான் வரும் என்று மாட்டுங்கா முழுக்கப் பேச்சு. வானமாமலை சாமிக்குப் பயந்த ஆள் என்று சொல்ல முடியாது. தனக்கு என்றால் யோசித்திருக்க மாட்டார். ஆனால் நாளைக்கு அறுநூறு மைல் ஓட்டப் போகிறவன் பூதத்தான். இன்றைக்குப் பூஜையைக் கலைத்தால் அது யார் தலையில் விடியும்? அவனைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அவர் கையை இழுத்துக்கொண்டார். விரலால் நட்டைத் திருகிப் பார்த்தார். அது அசையவில்லை. இறுக்கமாகத்தான் இருக்கிறது, செம்பூர் வரைக்கும் என்ன ஆகிவிடும், காலையில் விடிந்ததும் போய்ப் போட்டுவிடலாம் என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டார்.

நாலு மணிக்குப் பூதத்தான் வண்டியை எடுக்க வந்தான். சாமானுக்குத்தான் தடை, மாலை போட்ட வண்டியை ஓட்டலாம். வண்டிகளைச் சாயங்காலமே செம்பூர் மைதானத்தில் கிளப்காரர்களிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

"அத்தான், எல்லாம் சரிதான?"

"சரிதாம்ல. காலைல வாரேன்."

இருபத்துமூன்று வருடத்தில் அவர் ஒரு வண்டியைப் பற்றிச் சொன்ன முதல் பொய் அதுதான்.

ஞாயிறு விடியும் முன்பே காரேஜைத் திறந்து, தனி ஆளாகச் சூடம் காட்டி, ஒரு ஸ்பானரையும் குறட்டையும் எடுத்துக்கொண்டார். பின் சிறியது, தவறிவிடக் கூடாதே என்று, படத்தடியில் கிடந்த திருநீற்றுக் காகிதத்தில் சுற்றிக்கொண்டார். முதல் லோக்கலைப் பிடித்து, குர்லாவில் மாறி, செம்பூர் போய்ச் சேர்ந்தபோது கிழக்கு வெளுத்துவிட்டது. மைதானத்தில் முதல் வண்டி கிளம்பத் தயாராக நின்றது. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு வண்டி. பதினேழுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது.

வண்டிகளைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். வானமாமலை கயிற்றைத் தூக்கிக் குனிந்தபோது அண்ணாச்சி அவர் தோளைப் பிடித்து இழுத்தார்.

"என்ன காரியம்வே பண்ணப் பாத்தீரு? இந்த வருசம் புது ரூல். நேத்து வண்டிய உள்ள விட்டதுலருந்து ஓட்டுதவன் தவிர எவன் கையும் படக் கூடாது. பட்டா நம்பர் கேன்சல்."

போன தடவை ஒரு துரை வழியில் ஆள் வைத்து முழுச் சக்கரத்தையே மாற்றிவிட்டானாம், அதனால் வந்த சட்டம். கிளப்காரர்கள் அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். இங்கிலீஷில் இருந்ததை அண்ணாச்சி யாரையோ விட்டுப் படிக்கச் சொல்லித் தெரிந்துகொண்டார். கையில் ஸ்பானரோடு நிற்கிறவருக்குச் சொல்லத்தான் மறந்துவிட்டார்.

சரி, அதனாலும் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. பூதத்தான் அன்று காலையில் வண்டியில் கட்டிக்கொண்ட சாமான் பை இருந்தது. அவன் இறங்கி இரண்டே நிமிஷத்தில் தானே போட்டுக்கொள்ளலாம், அதற்குச் சட்டத்தில் தடை இல்லை. வானமாமலை செய்ய வேண்டியதெல்லாம் வாயைத் திறப்பதுதான். முன் பிரேக்கில் பின் போடவில்லை, போட்டுக்கொள். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது.

கயிற்றோரம் மாட்டுங்கா மெக்கானிக்குகள் நாலைந்து பேர் நின்றார்கள். பூதத்தானுக்கு அடுத்து நின்ற வண்டியைப் பூட்டியவன்கூட அதில் இருந்தான். அண்ணாச்சி கிளப்காரர் ஒருவரிடம் ஓட்டை ஹிந்தியில் வானமாமலையைக் காட்டிப் பெருமை பேசிக்கொண்டிருந்தார். இந்த ஆள் துணியை உதறிவிட்டால் அந்த வண்டியில் கடவுளே குறை கண்டுபிடிக்க முடியாது என்றார். கிளப்காரர் வானமாமலையின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பதினாறாம் நம்பர் கிளம்பியது. பூதத்தான் வண்டியைக் கோட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து, அத்தானைப் பார்த்துச் சிரித்தான். வானமாமலை கயிற்றுக்கு மேலாகக் காகிதப் பொட்டலத்தை நீட்டினார்.

"மாப்ள, இத வாங்கிக்க. போற வழியில எங்கயாச்சும் நிறுத்தி..."

பூதத்தான் வாங்கிப் பார்த்தான். திருநீற்றுக் காகிதம். அக்கா கொடுத்தனுப்பிய பூஜைப் பிரசாதம் என்று அவன் நினைத்ததில் என்ன தப்பு? இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினான்.

"அக்காட்டச் சொல்லுங்க, நாளைக்கு மீன் கொழம்பு வைக்கணும்."

அவன் என்ன நினைத்துவிட்டான் என்பது வானமாமலைக்கு நன்றாகப் புரிந்தது. திருத்த ஒரு முழு நிமிஷம் இருந்தது. பக்கத்தில் அண்ணாச்சி, அவருக்குப் பக்கத்தில் கை குலுக்கியவர், பின்னால் மாட்டுங்கா முழுக்க. வழியில் டீக்கு நிறுத்தும்போது பொட்டலத்தைப் பிரிக்காமலா போவான், பிரித்தால் அவனுக்குப் புரியாதா என்று நினைத்துக்கொண்டார்.

"பாத்துப் போல," என்றார்.

கொடி இறங்கியது. பதினேழாம் நம்பர் காட்கோபர் பக்கம் திரும்பி மறைந்தது.

மைதானத்தில் ஒரு பெரிய கரும்பலகை வைத்திருந்தார்கள். வரிசையாக நம்பர்கள், மேலே ஊர்ப் பெயர்கள். ஒவ்வொரு ஊரிலிருந்தும் டெலிபோன் வர வர, கூடாரத்துக்குள்ளிருந்து ஒருவர் வந்து சாக்பீஸால் நேரம் எழுதுவார். வானமாமலை அதற்கு முன்னால் போய் நின்றார். அண்ணாச்சி டீ குடிக்கக் கூப்பிட்டார், போகவில்லை. கால் மாற்றிக்கூட நிற்கவில்லை.

பதினேழு தாணாவைத் தாண்டினான். பன்வேலைத் தாண்டினான். கண்டாலா மலை ஏறிப் பூனாவில் எட்டு நாற்பதுக்கு அட்டையில் முத்திரை வாங்கினான். அதுவரை வந்தவர்களில் அவன்தான் இரண்டாவது. மாட்டுங்காக்காரர்கள் அண்ணாச்சியின் முதுகில் தட்டினார்கள். பூனாவில் டீ குடித்திருப்பான், பொட்டலத்தைப் பிரித்திருப்பான் என்று வானமாமலை அன்று காலையில் முதல் தடவையாக மூச்சை விட்டார்.

அடுத்த ஊர் சதாரா. நடுவில் கம்பட்கி மலை. ஏறும்போது பிரேக் வேண்டாம், இறங்கும்போது பிரேக்கைத் தவிர வேறு எதுவும் உதவாது. பத்தரைக்குப் பதினைந்தாம் நம்பருக்கு நேரம் எழுதினார்கள். பிறகு பதினாறு. பிறகு பத்தொன்பது. பிறகு பதினெட்டு. பதினேழுக்கு நேரான கட்டம் மட்டும் கறுப்பாகவே இருந்தது.

"பஞ்சரா இருக்கும்," என்றார் அண்ணாச்சி.

வானமாமலை பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பஞ்சராக இருக்க வேண்டுமே என்று ஊரில் உள்ள அத்தனை தெய்வத்தையும் பெயர் சொல்லி வேண்டிக்கொண்டிருந்தார். வெயில் ஏறியது. இருபத்துமூன்றாம் நம்பர்கூடச் சதாராவைத் தாண்டிவிட்டான். பன்னிரண்டு மணிக்குக் கூடாரத்தில் டெலிபோனில் வெகுநேரம் பேச்சு நடந்தது. சாக்பீஸ்காரர் வெளியே வந்தார். பதினேழின் கட்டத்தில் அவர் நேரம் எதுவும் எழுதவில்லை. அந்த வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு கோடு இழுத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

கம்பட்கி மலையில், இறக்கத்தின் மூன்றாவது வளைவில், வண்டி ஆளைத் தூக்கிப் பாறையில் அடித்திருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தேவையே இருக்கவில்லை.

வியாழக்கிழமை கிளப்பின் மூன்றாம் மாடி அறையில் விசாரணை வைத்தார்கள். சண்முகவடிவையும் வரச் சொல்லியிருந்தார்கள், தம்பியின் சாமான்களைக் கையெழுத்துப் போட்டு வாங்க. மேஜை மேல் அவன் சட்டை, சீப்பு, பூனாவில் முத்திரை விழுந்த அட்டை. பக்கத்தில் ஒரு திருநீற்றுக் காகிதம், அதில் ஒரு காட்டர் பின்.

கிளப்காரர்கள் நல்ல மனிதர்கள்தான். வருத்தத்தோடுதான் பேசினார்கள். முன் பிரேக்கின் நட்டு கழன்று விழுந்திருந்தது. அதற்குரிய பின் ஓட்டியவன் பையிலேயே இருந்தது. அப்படியானால் பூனாவுக்குப் பிறகு அவனுக்கு முன் சக்கரம் பஞ்சராகியிருக்கிறது. சக்கரத்தைக் கழற்றிப் பஞ்சர் ஒட்டியவன், பின்னைப் பத்திரமாகச் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, ஜெயிக்கிற அவசரத்தில் திரும்பப் போட மறந்திருக்கிறான். இப்படி அவர்களுக்கு எல்லாம் கனகச்சிதமாகப் பொருந்தியது. டியூபில் புது ஒட்டு இருக்கிறதா என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

"பின்னை நீதானே போட்டாய்?" என்று ஒருவர் ஹிந்தியில் கேட்டார்.

வானமாமலை வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி முந்திக்கொண்டார். இவர் கை பட்ட வண்டியில் பின் இல்லாமல் இருக்குமா, மாட்டுங்காவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள் என்றார். வானமாமலை தலையை ஆட்டினார். ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. ஓட்டியவரின் கவனக்குறைவு என்று டைப் அடித்தார்கள். கூடவே, இத்தனை ஆபத்தான ரேஸை இனி நடத்துவதில்லை என்றும் ஒரு வரி சேர்த்துக்கொண்டார்கள். சண்முகவடிவு சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, மேஜை மேலிருந்த காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு வருடம் ஓடியது. காரேஜில் வேலை குறையவில்லை. வானமாமலை துணியை விரித்தார், ஆனால் முடிந்ததும் உதறுவதில்லை, சுருட்டி வைத்துவிடுவார். துக்கம், பாவம் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். வீட்டில் சண்முகவடிவு அழுது முடித்து, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பினாள். புருஷனிடம் தேவைக்கு மேல் பேசுவதில்லை. அவருக்கு அது ஒரு வகையில் நிம்மதியாகவே இருந்தது.

அவரை உயிரோடு கொன்றது வேறொன்று. துக்கம் கேட்க யார் வந்தாலும் அவள் ஒரே கதையைச் சொன்னாள். ஊரிலிருந்து வந்தவர்கள், சாலில் இருப்பவர்கள், ரேஷன் கடையில் பார்த்தவர்கள், எல்லோரிடமும் அதே கதை. பெரும்பாலும் அவர் சாப்பிட உட்காரும் நேரமாகவே அது அமைந்தது.

மறு வருடம் பூஜை கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அடுத்த அறை மீனாட்சியம்மாள் வந்து உட்கார்ந்தாள். வானமாமலை இலையில் கை வைத்திருந்தார்.

"எந்தம்பிக்கு அவசரம் யக்கா," என்றாள் சண்முகவடிவு. "இவுக பாத்துப் பாத்துப் பூட்டிக் குடுத்த வண்டி. கழட்டுனவன் திரும்பப் போட வேண்டாமா? ஒரு பின்னு. அதப் போட அவனுக்கு நேரம் இல்ல. அவன் சாவ அவனே தேடிக்கிட்டான்."

"விதி யாரை விட்டது," என்று மீனாட்சியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

வானமாமலைக்கு வாயில் இருந்த சோறு இறங்கவில்லை. இந்தக் கதையை அவர் எத்தனையோ தடவை கேட்டாயிற்று. ஒவ்வொரு தடவையும் விழுங்கியிருக்கிறார். அன்று முடியவில்லை. கையை உதறிவிட்டுச் சொன்னார்.

"வடிவு. பின்னப் போடாதவன் அவன் இல்ல. நாந்தான்."

துணியை இழுத்தது, ஸ்பானர் பூஜையில் இருந்தது, கயிற்றோரம் நாக்கு எழாமல் நின்றது, எல்லாவற்றையும் சொன்னார். அவள் கத்துவாள், மாரில் அடித்துக்கொள்வாள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் குழம்புச் சட்டியை மூடி நகர்த்தி வைத்தாள்.

"தெரியும்," என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் எந்தத் துன்னூறும் அவனுக்குக் குடுத்துவிடல்ல. பஞ்சர் ஒட்டுதவன் நடுரோட்டுல துன்னூத்துப் பேப்பருக்கு எங்க போவான்? காரேஜுப் பூசைல இருந்து நீங்க எடுத்துச் சுத்துனதுதான். அந்த ஆபீஸ்ல மேசை மேல பாத்தப்பவே தெரியும்."

"பொறவு ஏன்... ஊரு பூரா அவன் மேல பழியப் போட்டுக்கிட்டு இருந்த?"

சண்முகவடிவு அப்போதுதான் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். ஒரு வருடத்தில் முதல் தடவை.

"நீங்க என்னைக்கு வாயத் தொறப்பீங்கன்னு பாக்கத்தான். செத்தவன் பேர ஒவ்வொருத்தர்ட்டயா கெடுத்தேன். கெடுக்கும்போதெல்லாம் ஓரக்கண்ணால உங்க மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க."

வெளியே குழாயடியில் யாரோ தண்ணீருக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இப்பச் சொல்லிட்டேன்லா," என்றார் கடைசியில்.

"எங்கிட்டச் சொல்லி என்னத்துக்கு? எனக்குத்தான் தெரியுமே."

அவள் இலையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அவர் கையைக் கழுவிவிட்டு, ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைதான், ஆனாலும் மாட்டுங்காவில் அண்ணாச்சி நாலு மணி வரை காரேஜில்தான் இருப்பார்.